தோழியில்லாக் களவு

மூன்று ஆண்டுகளுக்கு முன் இளங்கலைத் தமிழ் இரண்டாமாண்டு மாணவிகளுக்கு அகப்பொருள் துறைகளை நடத்திக்கொண்டிருந்தேன். மடலேறுதலுக்கு வந்திருந்தோம். தலைவியோடு சேர்த்துவைக்கத் தோழி உடன்படவில்லை. தலைவன் பனைமட்டையால் குதிரை செய்து, எருக்கம்பூ சூடி, தலைவியின் உருவம் எழுதிய கிழியைக் கையில் பிடித்துக்கொண்டு ஊர்த்தெருவில் வருவேன் என்கிறான். பதினெட்டு ஆண்டுகளாக நான் இதை ஒரே மாதிரிதான் நடத்தி வந்தேன்: நாணத்தையும் துறக்கும் அளவுக்கு அவன் காதல் முற்றிவிட்டது என்று.

கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். வகுப்பில் அதிகம் பேசாதவள். "அம்மா, இது மிரட்டல்தானம்மா? அவ படத்தை வச்சிக்கிட்டு ஊருக்கே காட்டிருவேன்னு சொல்லுதான். இதுல காதல் எங்கம்மா இருக்கு?"

வகுப்பு சிரித்தது. நான் மகிழ்ந்துபோனேன். முனைவர் பட்டம் வாங்கிய எனக்குத் தோன்றாத வாசிப்பு சங்கரன்கோவிலுக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து பேருந்தில் வந்துபோகும் ஒரு பெண்ணுக்குத் தோன்றியிருக்கிறதே என்று பெருமையாக இருந்தது. "இதையே உள்மதிப்பீட்டுக்குக் கட்டுரையா எழுதிட்டு வா" என்றேன். தலையாட்டினாள். எழுதவில்லை. மூன்று வாரத்தில் கல்லூரிக்கு வருவதையும் நிறுத்திவிட்டாள்.

அவளோடு வரும் பெண்கள் தயங்கித் தயங்கிச் சொன்னார்கள். கல்லூரியில் சேர்ந்த பிறகு ஒருவனோடு பழக்கம். அவள் நம்பி அனுப்பிய படங்கள் அவனிடம் இருந்தன. அவள் விலகிக்கொள்ள நினைத்தபோது, விலகினால் எல்லாருக்கும் அனுப்பிவிடுவேன் என்றிருக்கிறான். வீட்டுக்குத் தெரிந்துவிட்டது. அவள் அப்பா கைபேசியைப் பிடுங்கித் தரையில் அடித்தார். சிம்மை ஒடித்தார். படிப்பை நிறுத்தினார். அவன் கைபேசி மட்டும் அவனிடமே இருந்தது.

அன்று வகுப்பில் அவள் கேட்டது இலக்கியக் கேள்வி இல்லை. அவள் என்னிடம் உதவி கேட்டிருக்கிறாள். நான் அவளிடம் கட்டுரை கேட்டிருக்கிறேன். அவள் எழுதாமல் போன கட்டுரையை என்னால் எழுத முடியாது. ஆனால் அவள் காட்டிய இடத்திலிருந்து நான் நடத்தும் பாடத்தையும், எங்கள் மாணவிகளின் கையிலிருக்கும் கருவியையும் மறுபடி வாசிக்க முடியும். அதைத்தான் இங்கே செய்கிறேன்.

மடல்

மடலேறுதலை மீண்டும் பாருங்கள். தலைவன் பெரும்பாலும் மடல் ஏறுவதில்லை. ஏறுவேன் என்று தோழியிடம் சொல்கிறான், அவ்வளவுதான். அந்தச் சொல்லே வேலை செய்துவிடுகிறது. அவன் ஏறினால் அழியப்போவது தன் மானம் மட்டுமில்லை என்று தோழிக்குத் தெரியும். கிழியில் இருப்பது தலைவியின் உருவம். ஆகவே தோழி இணங்குகிறாள். தொல்காப்பியம் இந்த வேறுபாட்டை அறிந்தே இருக்கிறது. உண்மையிலேயே ஏறிவிட்ட மடலை அது பெருந்திணையில், அதாவது பொருந்தாக் காமத்தில், வைக்கிறது. ஏறுவேன் என்று சொல்வதற்கு அன்பின் ஐந்திணையில் இடம் தருகிறது. செயல் குற்றம், செய்வேன் என்ற மிரட்டல் காதலின் ஒரு படி. இந்தப் பாகுபாட்டை எத்தனை தலைமுறை தேர்வுத்தாளில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறது!

பெண் மடலேறுவதை அதே தொல்காப்பியம் எந்தத் திணையிலும் ஒப்பவில்லை. கடலளவு காமம் இருந்தாலும் மடலேறாமல் இருப்பதுதான் பெண்ணின் பெருமை என்கிறது திருக்குறள். அதைச் சொல்லும் நாணுத்துறவுரைத்தல் அதிகாரத்துக்கு அடுத்தது அலரறிவுறுத்தல். ஆண் நாணத்தைத் துறக்கிறான். அடுத்த அதிகாரத்தில் ஊர் பேசுகிறது. அந்தப் பேச்சால் தனக்கு நன்மைதான், காதல் கைகூடும் என்று தலைவன் மகிழவும் செய்கிறான். பதினெட்டு ஆண்டுகள் இரண்டு அதிகாரங்களையும் அடுத்தடுத்த நாள்களில் நடத்தியவள் நான். ஒன்று இன்னொன்றுக்குக் காரணம் என்று ஒருநாளும் சொன்னதில்லை.

திருமங்கையாழ்வார் பெரிய திருமடலில் பெண் குரலில் மடலேறுகிறார். ஆனால் அந்தப் பெண் ஓர் ஆணின் கவிதைக்குள் இருப்பவள். அவளுடைய தலைவன் கடவுள். தெருவில் நடக்கும் பெண்ணுக்கு அந்த வழி திறந்ததில்லை.

பழைய பாடல்களை இன்றைய சட்டத்தின் முன் நிறுத்தித் தண்டிப்பது என் நோக்கமில்லை. அந்தப் பாடல்கள் எனக்கு உயிர். நான் கேட்பது வேறு. ஒரு பெண்ணின் உருவத்தைக் கையில் வைத்திருப்பவனுக்கு அவள்மேல் உரிமை உண்டு என்ற எண்ணம் கைபேசியோடு வந்ததா? இல்லை. அது முன்பே இருந்தது. அந்த எண்ணத்துக்கு அன்று பனைமட்டையும் எருக்கம்பூவும் தேவைப்பட்டன. ஏறியவன் ஊர் நகைக்கத் தானும் தெருவில் நிற்கவேண்டியிருந்தது. இன்று ஏறுபவன் தெருவுக்கு வரவேண்டியதில்லை. பெயர், முகம் எதுவுமில்லாத கணக்கு ஒன்று போதும். நகைப்பு முழுவதும் அவளுக்கு மட்டும்.

அலர்

அம்பல், அலர் என்று இரண்டு சொற்கள் நம்மிடம் உண்டு. சிலர் கண்ணாலும் புன்முறுவலாலும் பேசிக்கொள்வது அம்பல். பலரும் அறிய வாய்விட்டுப் பேசுவது அலர். முன்னது மொட்டு, பின்னது மலர் என்று உரைகாரர்கள் விளக்குவார்கள். மொட்டுக்கும் மலருக்கும் இடையில் கொஞ்சம் பொழுது இருந்தது. அந்தப் பொழுதில் தோழி ஏதாவது செய்யலாம். தலைவனை வரைவு கடாவலாம், தாயிடம் சொல்லலாம், உடன்போக்குக்கு வழி பார்க்கலாம். அகப்பாடல்களின் பெரும்பகுதி இந்த இடைவெளியில் நடப்பதுதான்.

கைபேசி இந்த இடைவெளியை எடுத்துவிட்டது. அம்பல் என்ற பருவமே இல்லாமல் நேராக அலர். காலையில் ஒரு படம் ஒரு குழுவில் விழுகிறது. மதியத்துக்குள் அது சங்கரன்கோவிலில் உறங்காமல் ஓடும் விசைத்தறிக் கூடத்துக்கும், திருப்பூரில் வேலைக்குப் போயிருக்கும் அண்ணனுக்கும், துபாயிலிருக்கும் சித்தப்பாவுக்கும் போய்விடுகிறது. ஊர்வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். அந்த ஊருக்கு இப்போது எல்லையும் இல்லை.

2016 ஜூனில் சேலம் மாவட்டத்தில் 21 வயதுப் பட்டதாரிப் பெண் ஒருத்தியின் முகத்தை வேறோர் உடலோடு ஒட்டி முகநூலில் போட்டார்கள். பெற்றோர் காவல்துறைக்குப் போனார்கள். நடவடிக்கை தாமதமானது. அந்த விசாரணையின்போது காவலர் ஒருவர் கைபேசி ஒன்றை லஞ்சமாகக் கேட்டார் என்பதும் பின்னால் வெளிவந்தது. படம் நீங்குவதற்குள் இன்னொரு படம் வந்தது. அவள் உயிரை விட்டாள். மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் பிறகு மன்னிப்புக் கேட்டார். தன்னைப் பெற்றவர்களே தன்னை நம்பவில்லை என்ற வேதனையை அவள் எழுதிவைத்திருந்தாள். படம் பொய். அந்தப் பொய்யைவிட, வீட்டுக்குள் தான் நம்பப்படவில்லை என்பது அவளைக் கொன்றது. அலர் ஊரில் பிறந்தாலும் அது கொல்வது வீட்டுக்குள்தான்.

2019 பிப்ரவரியில் பொள்ளாச்சி. சமூக வலைத்தளங்கள் வழியே பழகி, நம்பவைத்து, வரவழைத்து, வன்கொடுமை செய்து, அதைப் படமெடுத்து, அந்தப் படத்தைக் காட்டியே பணமும் உடலும் கேட்ட ஒரு கூட்டம். 19 வயதுக் கல்லூரி மாணவி ஒருத்தி புகார் கொடுத்த பிறகுதான் அது உலகத்துக்குத் தெரிந்தது. புகார் கொடுத்த பெண்ணின் அடையாளத்தைக் காவல்துறை வெளியிட்டது. வழக்கை மத்தியப் புலனாய்வுத் துறைக்கு மாற்றிய அரசாணையிலும் அவள் அடையாளம் இருந்தது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இதைக் கண்டித்து அவளுக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. காக்கவேண்டியவர்களே அலர் தூற்றினார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

நாம் என்ன செய்தோம்? அந்த மார்ச் மாதம் தமிழ்நாடெங்கும் மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள், அது உண்மை. இன்னொன்றும் உண்மை. ஒரு பெண் கதறும் காணொளி நம் எல்லார் கைபேசிக்கும் வந்தது. 'இதைப் பகிருங்கள், நீதி கிடைக்கட்டும்' என்ற வரியோடு வந்தது. எனக்கும் வந்தது. நான் அதை இரண்டு குழுக்களுக்கு அனுப்பினேன். கோபத்தில்தான் அனுப்பினேன். அந்தக் குரலுக்கு உரியவள் எங்கோ ஓர் அறையில் உட்கார்ந்திருக்கிறாள், தன் கதறல் லட்சம் கைகளில் ஒலிப்பதை அவள் அறிவாள் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. நானும் அலரில் ஒரு வாய். பெண்ணியம் பேசும் நம்மில் எத்தனை பேர் இதை ஒப்புக்கொள்வோம்?

சாதிக்கும் இந்தக் கருவி நன்றாகக் கைவந்திருக்கிறது. 2015இல் கோகுல்ராஜ் கொலைவழக்கில் தேடப்பட்டவர் தலைமறைவாக இருந்தபடியே வாட்ஸ்ஆப்பில் குரல்பதிவுகளை அனுப்பிக்கொண்டிருந்தார்; அவை பரவின. எங்கள் தென்மாவட்டங்களில் பையன்கள் கையில் கட்டும் நிறக் கயிறும் சாதிப்பாட்டும் இப்போது முப்பது நொடிக் காணொளிகளாக ஓடுகின்றன. 2023இல் நாங்குநேரியில் பள்ளி மாணவன் வீட்டில் வைத்தே சக மாணவர்களால் வெட்டப்பட்டபின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, அந்தக் கயிறுகளைத் தடைசெய்யப் பரிந்துரைத்தது. மணிக்கட்டிலிருந்து கயிற்றை அவிழ்க்கலாம். அந்தக் காணொளியை அவிழ்ப்பது யார்? அதில் பெருமையாக நிற்கும் பையனின் மனநலம் பற்றியும் நாம் பேசவேண்டும். அரிவாளோடு நின்றால்தான் ஆண் என்று பதினாறு வயதில் கற்றுக்கொள்கிறவன், விட்டுப் போகும் காதலியைப் போகவிடும் பக்குவத்தை எங்கே கற்பான்?

இற்செறிப்பு

அலர் எழுந்ததும் அகப்பாடல்களில் தாய் என்ன செய்வாள்? மகளை வீட்டுக்குள் வைப்பாள். இற்செறிப்பு. தினைப்புனமில்லை, சுனையில்லை, தோழியரோடு விளையாட்டில்லை. தலைவனைச் செறிக்க ஒரு துறை நம் இலக்கணத்தில் இல்லை.

இன்றைய இற்செறிப்பு கைபேசியைப் பிடுங்குவது. பொள்ளாச்சிக்குப் பிறகு எத்தனை வீடுகளில் பெண்பிள்ளைகளின் கைபேசி பீரோவுக்குள் போனது என்று என் மாணவிகளைக் கேட்டாலே தெரியும். பையன்களின் கைபேசி போனதாக ஒருத்தியும் சொல்லவில்லை. நானும் என் பங்குக்குச் செய்தேன். வகுப்பில் நின்று, "முகப்புப் படத்துல உங்க போட்டோவை வைக்காதீங்கம்மா" என்று அறிவுரை சொன்னேன். மறுவாரம் பார்த்தால் பாதி வகுப்பின் முகப்புப் படம் மல்லிகைப்பூ, மீதிப் பாதி கோமதியம்மன். முகமில்லாத நாற்பது பெண்கள். பாதுகாப்பு என்று நான் சொன்னது அவர்கள் முகத்தை எடுத்துவிடுவதைத்தான்.

இதைக் கேள்வி கேட்டவள் கேரளத்தில் ஒரு மாணவி. கோழிக்கோடு மாவட்டத்தில் ஒரு கல்லூரியின் பெண்கள் விடுதி, மாலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை இளங்கலை மாணவிகள் கைபேசி வைத்திருக்கக் கூடாது என்று விதி போட்டது. அவள் மறுத்தாள், விடுதியிலிருந்து நீக்கப்பட்டாள், உயர் நீதிமன்றம் போனாள். 2019 செப்டம்பர் 19இல் நீதிபதி பி.வி. ஆஷா தீர்ப்பளித்தார்: இணையத்தைப் பயன்படுத்தும் உரிமை கல்வி உரிமையோடும் அந்தரங்க உரிமையோடும் சேர்ந்தது, அவளை மீண்டும் சேர்த்துக்கொள்ள வேண்டும். எங்கள் பக்கத்து விடுதிகளில் இந்தத் தீர்ப்பைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை. ஆறு மணிக்குக் கைபேசியை வாங்கிவைக்கும் பழக்கத்தைப் பற்றி நிறையக் கேட்டிருக்கிறேன்.

அடுத்த ஆண்டே கொரோனா வந்து இந்த விதிகளைக் கேலிக்கூத்தாக்கியது. நேற்றுவரை கைபேசி கூடாது என்ற வீடும் கல்லூரியும் இன்றுமுதல் கைபேசியில்தான் வகுப்பு என்றன. வீட்டில் இருப்பது ஒன்று. அதுவும் அப்பாவுடையது; அப்பா தறிக்குப் போகும்போது கூடவே போய்விடும். மிச்ச நேரத்தில் அண்ணனுக்கோ தம்பிக்கோ. இரவு பத்து மணிக்கு மேல் எனக்கு அனுப்பப்பட்ட வினாத்தாள் விடைகள் எல்லாம் பெண்களுடையவை. அப்போதுதான் அது அவர்கள் கைக்கு வந்தது. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தான் பயன்படுத்தும் கைபேசி தன்னிடம் உண்டு என்று சொன்ன இந்தியப் பெண்கள் 54 விழுக்காடு. இணையத்தை ஒருமுறையேனும் பயன்படுத்தியவர்கள் மூன்றில் ஒருவர்தான்.

கைபேசி இளையோர் மனத்தைக் கெடுக்கிறது என்று உலகமே பேசுகிறது. அமெரிக்க உளவியலாளர் ஜோனதன் ஹெய்ட் 2024இல் எழுதிய நூல், விளையாட்டால் ஆன குழந்தைப்பருவத்தைக் கைபேசியால் ஆன குழந்தைப்பருவம் இடம்பெயர்த்துவிட்டது என்கிறது. ஆஸ்திரேலியா 16 வயதுக்குக் குறைந்தவர்கள் சமூக வலைத்தளக் கணக்கு வைத்திருப்பதைத் தடைசெய்யும் சட்டத்தை 2024இல் இயற்றி 2025 டிசம்பர் 10 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. இந்தக் கவலைகளை நான் ஒதுக்கவில்லை. முகநூல் நிறுவனத்தின் உள்ஆய்வுகளே 2021இல் வெளியானபோது, தங்கள் உடலைப் பற்றி மோசமாக உணர்ந்த பதின்வயதுப் பெண்களில் 32 விழுக்காட்டினர் இன்ஸ்டாகிராம் அந்த உணர்வை இன்னும் மோசமாக்கியது என்று சொல்லியிருந்தது தெரியவந்தது. தெரிந்தே விற்றார்கள்.

என் வகுப்பிலும் அதைக் காண்கிறேன். முகத்தை வெளுப்பாக்கும் வடிகட்டி இல்லாமல் ஒரு படம்கூட எடுக்காத பெண்கள் இருக்கிறார்கள். கரிசல் மண்ணில் பிறந்த கருத்த முகம் தன் படத்தைத் தானே பார்க்கக் கூசுகிறது. அனுப்பிய செய்திக்கு நீலக்குறி விழுந்தும் பதில் வராத இரவு, தூக்கமில்லாத இரவு. காதலும் மாறியிருக்கிறது. கடவுச்சொல்லைக் கொடு, இருக்கும் இடத்தை அனுப்பு, வகுப்பில் யார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாய் என்று படமெடுத்து அனுப்பு. இதையெல்லாம் அக்கறை என்று நம்புகிறாள். அப்பாவின் கண்காணிப்பிலிருந்து தப்பி வந்தவள் இன்னொருவன் கண்காணிப்பைக் காதல் என்று ஏற்கிறாள். இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லித்தர அவளுக்கு ஒருவருமில்லை.

ஆனால் ஹெய்ட் இழந்துவிட்டோம் என்று வருந்தும் அந்தத் தெருவிளையாட்டு எங்கள் பெண்களுக்கு எப்போது இருந்தது? வயதுக்கு வந்த அன்றே தெரு முடிந்துவிடுகிறது. கைபேசி எங்கள் மாணவிகளிடமிருந்து மைதானத்தைப் பறிக்கவில்லை. இல்லாத மைதானத்துக்குப் பதிலாக வந்தது அது. போட்டித் தேர்வுக் குழுக்களில் படித்து அரசு வேலைக்குப் போனவளை எனக்குத் தெரியும். வேறு சாதித் தோழியோடு வீட்டுக்குத் தெரியாமல் நட்பைக் காப்பாற்றி வருபவளைத் தெரியும். முதல் கவிதையைக் கைபேசியின் குறிப்பேட்டில் எழுதி நள்ளிரவில் எனக்கு அனுப்பியவள், இன்று தொகுப்புப் போட்டிருக்கிறாள். சங்கரன்கோவிலில் ஒரு பெண் தனியாக உட்கார்ந்து தேநீர் குடிக்க ஓர் இடமில்லை. ஆறங்குலக் கண்ணாடிதான் அவளுக்குச் சொந்தமான ஒரே அறை. அதைப் பிடுங்கினால் நலம் திரும்பிவிடும் என்பவர்கள், அவளுக்கு முன்பு எந்த நலம் இருந்தது என்று சொல்லவேண்டும்.

ஆகவே, கைபேசி நல்லதா கெட்டதா என்ற பட்டிமன்றத்தில் எனக்கு ஆர்வமில்லை. என் கேள்வி: களவுக்கு இடம் கிடைத்துவிட்டது, அந்தக் களவுக்குள் தோழி எங்கே?

தோழி

அகப்பாடல்களில் தலைவி தனியாக இருப்பதே இல்லை. தலைவனை அவள் சந்திக்கும் இடத்தைத் தோழி அறிவாள். அவன் வரும் வழியின் ஆபத்தை அறிவாள். அவன் நல்லவனா என்று சோதிப்பாள். வராமல் இருந்தால் திட்டுவாள். களவு உலகத்துக்கு மறைவானது, தோழிக்கு மறைவானதில்லை. கைபேசிக் களவில் இரண்டே பேர். யாருக்கும் தெரியாது என்பதுதான் அதன் கவர்ச்சி. யாருக்கும் தெரியாது என்பதுதான் அவன் பலமும். 'யார்கிட்டயும் சொல்லிராதே' என்று அவன் காதலில் சொன்ன அதே வாக்கியத்தை மிரட்டும்போதும் சொல்கிறான்.

தோழியின் மிகப் பெரிய செயலுக்கு நம் மரபு ஒரு பெயர் வைத்திருக்கிறது: அறத்தொடு நிற்றல். இற்செறிக்கப்பட்ட தலைவியின் களவைத் தோழி செவிலிக்கு வெளிப்படுத்துவாள், செவிலி நற்றாய்க்கு, நற்றாய் தந்தைக்கும் தமையருக்கும். ஒருத்திமேல் ஒருத்தி சாய்ந்து நிற்கும் பெண்களின் சங்கிலி. உண்மையைச் சொல்வதற்கு ஏன் 'அறத்தொடு நிற்றல்' என்று பெயர்? அலரும் அதே செய்தியைத்தான் சொல்கிறது. அலர் அவளுக்கு எதிராக நின்று சொல்கிறது. தோழி அவள் பக்கம் நின்று சொல்கிறாள். செய்தி ஒன்றே. நிற்கும் இடம்தான் அறம்.

மரபில் அந்தச் சங்கிலி போய்ச் சேரும் இடம் திருமணம் என்பதும், அதில் தலைவியின் கற்பைக் காப்பதே நோக்கம் என்பதும் எனக்குத் தெரியும். அந்த முடிவை நாம் எடுத்துக்கொள்ள வேண்டாம். நிற்கும் முறையை எடுத்துக்கொள்வோம். என் மாணவி தன் விருப்பத்தோடு ஒரு படத்தை அனுப்பியிருக்கலாம். அனுப்பியது அவள் நம்பிக்கை; பரப்புவேன் என்பது அவன் குற்றம். 'நீ ஏன் அனுப்பினாய்' என்று தொடங்குகிறவர் யாராக இருந்தாலும் அலரின் பக்கம் நிற்கிறார்.

2025 மே 13இல் பொள்ளாச்சி வழக்கில் கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தது. பாதிக்கப்பட்ட எட்டுப் பெண்களுக்கு மொத்தம் 85 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. ஆறாண்டுகள். சாட்சி சொன்ன 48 பேரில் ஒருவர்கூடப் பிறழவில்லை. அந்தப் பெண்களின் பெயர் நமக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். ஆனால் மூடிய நீதிமன்ற அறையில் அவர்கள் சொன்ன சொல் நின்றது. யாரோ அவர்களை நம்பியிருக்கிறார்கள், கூட நின்றிருக்கிறார்கள். அறத்தொடு நிற்றலுக்கு என் வகுப்பில் இனி நான் சொல்லும் எடுத்துக்காட்டு இதுதான்.

கூட நிற்பதற்கு மனம் மட்டும் போதாது. சில விவரங்களும் தெரிந்திருக்க வேண்டும். கைபேசியை உடைக்கக் கூடாது. சிம்மை ஒடிக்கக் கூடாது. மிரட்டல் வந்த உரையாடலை அழிக்காமல், அதைப் படமாக எடுத்துத் தேதியோடு சேமிக்க வேண்டும். என் மாணவியின் அப்பா ஒடித்தது அவள் சிம்மை இல்லை, அவன்மேல் இருந்த சாட்சியத்தை. மத்திய அரசின் இணையக்குற்றப் புகார்த் தளத்தில் பெண்கள், குழந்தைகள் தொடர்பான புகாரைப் பெயர் சொல்லாமலும் பதியலாம். 1930 இணையக்குற்ற உதவி எண், 181 பெண்களுக்கானது, பதினெட்டு வயது நிரம்பாதவர் என்றால் 1098. அந்தரங்கப் படத்தைப் பற்றிப் பாதிக்கப்பட்டவர் முறையிட்டால் 24 மணி நேரத்துக்குள் நீக்கவேண்டும் என்று சமூக வலைத்தளங்களுக்கு 2021ஆம் ஆண்டு விதிகளே கெடு வைத்தன. ஒப்புதலில்லாமல் அந்தரங்கப் படமெடுப்பதும் பரப்புவதும், மறுத்த பெண்ணை விடாமல் பின்தொடர்வதும் 2013 முதல் தனிக்குற்றங்கள். 2024 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அவை உண்டு. மனம் தாங்காத இரவுகளுக்கு 14416 என்ற எண் இருக்கிறது, தமிழில் பேசலாம். இவற்றை என் துறையின் கரும்பலகையில் ஓர் ஓரத்தில் எழுதிவைத்திருக்கிறேன். யாரும் அழிப்பதில்லை.

அந்த மாணவியின் வீட்டுக்கு நான் போனேன். மிகவும் தாமதமாக, ஒன்றரை மாதம் கழித்து. பக்கத்தில் விசைத்தறி ஓடும் சத்தத்தில் பேசுவதே கடினம். அவள் அப்பா மரியாதையாகத்தான் பேசினார். "படிச்சது போதும் மேடம். இனி வீட்டோட இருக்கட்டும்." அவள் உள்ளறை வாசலில் நின்றாள். அம்மா தார் சுற்றிக்கொண்டே இருந்தார், தலை நிமிரவில்லை. கிளம்பும்போது என் கைபேசி எண்ணை ஒரு தாளில் எழுதி நீட்டினேன். யாரும் வாங்கவில்லை. அம்மா மட்டும் வாசல்வரை வந்து, "எண்ணைச் சொல்லுங்க" என்றார். சொன்னேன். ஒருமுறை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

பருவத்தேர்வுக்கு முந்தின இரவு, தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. யாரோ பக்கத்து வீட்டுக் கைபேசி. "டீச்சரம்மா, நாளைக்கு அவ பரீச்சைக்கு வருவா. பஸ்ஸுல நானும் கூட வாறேன். அவுக அப்பாட்ட நான் சொல்லிக்கிடுதேன். அனுமதிச் சீட்டு மட்டும் எடுத்து வைங்க."

அவள் வந்தாள். ஐந்து தாள்களையும் எழுதினாள். அவள் அம்மா ஐந்து நாளும் தேர்வறைக்கு வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். அந்த ஐந்து நாள் தார்க் கூலி போயிற்று. படங்கள் என்னவாயின என்று எனக்கு முழுவதும் தெரியாது. மூன்றாமாண்டு அவள் தொடரவில்லை. ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறாள். மீதித் தாள்களை எழுதிமுடிக்கப் போவதாகச் சொல்கிறாள். கைபேசி வாங்கியிருக்கிறாள், தன் சம்பளத்தில்.

இந்த ஆண்டும் மடலேறுதல் நடத்தினேன். நடத்துவதற்கு முன் மாணவிகளிடம் ஒன்று சொன்னேன். இந்தப் பாடத்தில் யாருக்கு என்ன தோன்றினாலும் வகுப்பிலேயே கேட்கலாம். வகுப்பில் கேட்க முடியாவிட்டால் துறைக்கு வரலாம். கட்டுரை எழுத வேண்டியதில்லை. மாலையில் இரண்டு பேர் வந்தார்கள்.